நாயின் தோலை மூடுவது எப்படி: நூல், ஸ்டேப்ளர், பசை ஆகியவற்றுள் தேர்வு செய்யும் வழி

அறுவை சிகிச்சையின் கடைசிக் கட்டமான தோல் மூடலுக்கு வரும்போது மருத்துவரின் கை யோசிக்காமல் பழகிய வழியிலேயே போய்விடுகிறது. கல்லூரியில் எந்தத் தையலை முதலில் கற்றோமோ அதையே எல்லா நாய்க்கும், உடலின் எல்லா இடத்துக்கும் போட்டுவிடுகிறோம். உள்ளே செய்த வேலையை நாயை வளர்ப்பவர் பார்ப்பதில்லை, நாயும் அதைத் தொட முடியாது. இருவர் கண்ணிலும் படுவது தோல் மட்டுமே. அறுவைக்குப் பின் வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசிச் சில நிமிட வேலையைப் பற்றியவைதாம். கால்நடை மருத்துவ மாணவர்களையும் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெட்டை நாய்க் கருத்தடையில் வயிற்றின் நடுக்கோட்டில் இடும் வெட்டை முதன்மை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறேன். அது சுத்தமான, நேரான, இழுவிசை குறைந்த காயம். எந்த முறையாலும் அதை மூட முடியும் என்பதால் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நூலைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: பத்தாம் நாள் இந்த நாய் எங்கே இருக்கும்? பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு தெருநாய்க் கருத்தடை முகாமில் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நைலானால் நேர்த்தியாகத் தைத்து, பத்து நாள் கழித்துப் பிரிக்க வேண்டும் என்று சீட்டிலும் எழுதிவைத்தேன். நாயைப் பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட்டார்கள். அதன் பிறகு அது யார் கையிலும் அகப்படவில்லை. மாதங்கள் கழிந்து வேறொரு காரணத்துக்காக அது வந்தபோது, நைலான் முடிச்சுகள் தோலுக்குள் பாதி புதைந்திருந்தன. ஒவ்வொன்றைச் சுற்றிலும் பொருக்கும் கசிவும் இருந்தன. தையலில் குறை ஏதும் இல்லை. அந்த நாய்க்கு அந்தத் தையலைத் தேர்ந்ததுதான் என் பிழை. கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்து கிளைப்பவை.

தோலுக்குக் கீழே முதலில்

நாயின் மேல்தோல் மிக மெல்லியது. முடி அடர்ந்த பகுதிகளில் சில செல் அடுக்குகளுக்கு மேல் அதில் இராது. தையலைத் தாங்கும் பலம் அதன் கீழுள்ள உட்தோலின் கொலாஜன் இழைகளில் இருக்கிறது. அதற்கும் கீழே கொழுப்பும் தளர்ந்த இணைப்பிழையும் கொண்ட தோலடித் திசு உள்ளது. தோலுக்கு இரத்தம் தரும் நுண்நாள வலை உட்தோலுக்கு அடியிலேயே படர்ந்திருக்கிறது. உடற்பகுதியில் அது தோலின் அடியில் மெல்லிய தகடுபோல் உள்ள தோல்தசையோடு ஒட்டி ஓடுவதால், இழுவிசையைக் குறைப்பதற்காகத் தோலை அடியிலிருந்து விடுவிக்க நேர்ந்தால் அந்தத் தசைக்குக் கீழாகவே விடுவிக்க வேண்டும். மேலே விடுவித்தால் தோல் விளிம்பு இரத்தமின்றிக் கறுத்துப்போகும்.

முதல் மூன்று முதல் ஐந்து நாள்வரை காயத்துக்கென்று சொந்த வலிமை ஏறக்குறைய கிடையாது. அது நூலை நம்பியே நிற்கிறது. பிறகு கொலாஜன் படியப் படிய வலிமை ஏறுகிறது. ஆனால் மூன்று வாரம் கழிந்தாலும் பழைய வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கும், எவ்வளவு காலமானாலும் அது சுமார் 80 விழுக்காட்டைத் தாண்டாது. அப்படியானால் பத்தாம் நாள் தோல் தையலைப் பிரித்த பின் காயம் எதனால் நிற்கிறது? அடியில் போட்ட தோலடித் தையல் இழுவிசையை ஏற்றுக்கொண்டிருப்பதால் நிற்கிறது. தோல் தையலின் வேலை இரு விளிம்புகளையும் ஒன்றையொன்று தொட வைப்பது மட்டுமே. இழுத்துப் பிடிக்கும் வேலையை அதன் தலையில் சுமத்தினால் எந்த முறையும் தோற்றுப்போகும். பசை முதலில் தோற்கும், ஸ்டேப்ளர் அடுத்து, நைலான் கடைசியாக.

அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் பெயரால் வழங்கும் நெறிகளான திசுவை மென்மையாகக் கையாளுதல், இரத்தக் கசிவை முழுமையாக நிறுத்துதல், இரத்த ஓட்டத்தைக் காத்தல், கிருமி நீக்கம், இழுவிசையின்மை, விளிம்புகளைச் சரியாகப் பொருத்துதல், வெற்றிடத்தை மூடுதல் ஆகிய ஏழையும் தோல் தையலுக்கு முன்பே நிறைவேற்றியிருக்க வேண்டும். கருத்தடைக் காயத்தில் இது நடைமுறையில் எப்படி வரும் என்றால், வயிற்றுத் தசைகள் நடுவில் சேரும் வெண்கோடு என்னும் லீனியா ஆல்பாவை மூடியதும் தோலடித் திசுவை 3-0 அளவுக் கரையும் நூலால் (சுழியத்துக்கு முன்னுள்ள எண் கூடக் கூட நூல் மெலியும்) தொடர் தையலாக மூட வேண்டும். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை அடியிலுள்ள தசையுறையையும் சற்றே கொக்கிபோல் பிடித்துக்கொண்டால் வெற்றிடம் மறையும், நீர் தேங்க இடம் இராது. இதை முடித்துவிட்டுக் கையை எடுத்துப் பார்க்கும்போது தோல் விளிம்புகளுக்கு இடையே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். அதைவிட அகன்று விலகி நின்றால் எந்த முறையில் தோலை மூடலாம் என்று யோசிக்காமல் அடித் தையலை மறுபடி போட வேண்டும்.

வெளித் தையல்

வெளியே தெரியும் தையலுக்குக் கரையாத ஒற்றையிழை நூலே ஏற்றது. நைலானும் பாலிப்ரொப்பிலீனும் அந்த வகை. சிறிய நாய்க்கு 4-0, நடுத்தர நாய்க்கு 3-0, ராஜபாளையம், கிரேட் டேன் போன்ற பெரிய உடல்வாகுள்ள நாய்க்கு 2-0 போதும். பட்டு நூல் முடிச்சுக்கு மிகவும் இணங்கி வரும் என்பதால் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் அது பின்னல் நூல். திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அது தோலின் மேலுள்ள ஈரத்தையும் கிருமியையும் காயத்துக்குள் இழுத்துச் செல்லும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் படுக்கும் நாய்க்குப் பட்டு நூலைத் தோலில் போடுவதை நான் முழுவதுமாக நிறுத்திவிட்டேன்.

தனித்தனித் தையலே அடிப்படை. முக்கால் வட்டத்தில் பாதியளவு வளைந்த, அதாவது எட்டில் மூன்று வட்ட, வெளிவளைவில் வெட்டுமுனை கொண்ட ஊசியைத் தோலுக்குச் செங்குத்தாக, விளிம்பிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் தள்ளி நுழைக்க வேண்டும். மறுபுறத்திலும் அதே தொலைவிலும் அதே ஆழத்திலும் வெளியே எடுக்க வேண்டும். ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் மேலோட்டமாகவும் எடுத்தால் ஒரு விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். தையலுக்குத் தையல் 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடலாம். முடிச்சைக் காயத்தின் மேல் விடாமல் ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். நைலான் வழுக்கும் நூல் என்பதால் நான்கு சுற்றுக்குக் குறையாமல் முடிய வேண்டும். முடிச்சின் வால்களை அரை முதல் ஒரு சென்டிமீட்டர் நீளம் விட்டால் பிரிப்பவர் பிடித்துத் தூக்க வசதியாக இருக்கும்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றே: இறுக்கிக் கட்டுவது. அடுத்த இரண்டு மூன்று நாளில் காயம் இயல்பாகவே வீங்கும். இன்று தோலோடு ஒட்டி நிற்கும் நூல் நாளை தோலை அறுக்கும். அந்த அரிப்பும் வலியும்தான் நாயை நக்க வைக்கின்றன. கட்டிய தையலின் கீழ் ஊசிப்பிடியின் நுனி தடையில்லாமல் போய்வர வேண்டும். பார்ப்பதற்குத் தளர்வாகத் தோன்றும் அந்தத் தையலே மூன்றாம் நாள் சரியான அளவில் இருக்கும்.

பெருக்கல் குறிபோல் விழும் குறுக்குத் தையல் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு தனித்தையலின் நீளத்தை ஒரே முடிச்சில் அது முடித்துவிடும். சிறிதளவு இழுவிசையையும் தாங்கும். பிரிப்பதற்கும் எளிது. வெளித் தையலே போடுவது என்று முடிவுசெய்தால் கருத்தடைக் காயத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒவ்வொரு கண்ணியையும் முந்தையதோடு பூட்டிக்கொண்டே போகும் தொடர் தையலான ஃபோர்டு பூட்டுத் தையல் இன்னும் வேகமானது, நீளமான காயத்தில் விளிம்புகளை ஒழுங்காகப் பொருத்தும். ஆனால் நாய் ஒரு கண்ணியைக் கடித்து அறுத்துவிட்டால் வரிசை தளரக்கூடும் என்பது அதன் குறை. நாய் காயத்தை நக்காமல் தடுக்கும் கூம்பு வளையம் கழுத்தில் நிச்சயம் இருக்கும் என்று நம்பக்கூடிய நாய்க்கு மட்டுமே அதைப் போட வேண்டும்.

இழுவிசை உள்ள இடங்களில், குறிப்பாகக் கட்டி அகற்றிய பின் விலகி நிற்கும் காயங்களில், செங்குத்து மெத்தைத் தையலோ (விளிம்புக்குக் குறுக்காக, ஒருமுறை தொலைவிலும் ஒருமுறை அருகிலும் தோலைப் பிடிப்பது) அண்மை-தொலைவு-தொலைவு-அண்மை எனப் போகும் தையலோ தேவைப்படும். கிடைமட்ட மெத்தைத் தையலும் இழுவிசையைத் தாங்கும் என்றாலும், அதன் கண்ணி விளிம்புக்கு இணையாக ஓடி அங்கு வரும் நுண்நாளங்களை நெரிக்கக்கூடும். செங்குத்துத் தையலில் அந்த ஆபத்து குறைவு. இரண்டுக்கும் இடையே தேர்வு இருக்கும்போது செங்குத்தையே எடுங்கள்.

வெளித் தையலின் பலம் இதுதான்: ஒரு தையல் போனாலும் மற்றவை நிற்கும், எங்காவது சீழ் கோத்தால் அந்த ஒன்றை மட்டும் எடுத்து வடியவிடலாம், நூலின் விலையும் குறைவு. நாயைத் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும் என்பதும், நாக்குக்கும் பல்லுக்கும் பிடி கிடைக்கும் என்பதும் அதன் பலவீனம்.

உட்தோல் தையல்

தெருநாய்க்கும், மருத்துவமனைக்குள் நுழைந்தாலே கடிக்கவரும் நாய்க்கும், ஊருக்குத் திரும்பிப் போகும் நாய்க்கும் இதுவே என் முதல் தேர்வு. விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2001-இல் வந்து, 2023-இல் புதிதாக எழுதப்பட்டன. அந்த விதிகளின்படி கருத்தடை செய்த நாயைப் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். அப்படி விடப்படும் நாயைத் தையல் பிரிக்க மறுபடி பிடிப்பது நடக்கிற காரியம் அன்று. ஆகவே வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளேயே கரைந்துபோகும் தையல்தான் அந்த நாய்க்கு நாம் செய்யக்கூடிய நியாயம்.

இதற்கேற்ற நூல் கரையும் ஒற்றையிழையான பாலிகிளெக்காப்ரோன், அதாவது மோனோக்ரில் வகை. 3-0 அல்லது 4-0 அளவு வேண்டும். சாயமேற்றாத இந்த நூலின் வலிமை ஒரு வாரத்தில் ஏறக்குறையப் பாதியாகவும், இரண்டு வாரத்தில் கால்பங்கு அளவாகவும் குறையும். மூன்று முதல் நான்கு மாதத்தில் முழுவதும் கரைந்துவிடும். தோலடித் தையல் இழுவிசையை ஏற்றுக்கொண்டிருந்தால் இந்த வலிமை போதும். பாலிகிளாக்டின் எனப்படும் விக்ரில் வகையும் பயன்படும், இரண்டு வாரத்தில் அதன் வலிமை முக்கால் பங்கு நிற்கும். ஆனால் அது பின்னல் நூல் என்பதால் கிருமி புகுந்தால் வெளியேறாது. பாலிடையாக்சனோன் வலிமையானது, கரைய ஏறத்தாழ ஆறு மாதம் எடுக்கும். தோலுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. குரோமிக் கேட்கட் விலை குறைவு என்பதால் இன்னும் சிலர் கையில் இருக்கிறது. அது எப்போது கரையும் என்று திட்டமாகச் சொல்ல முடியாது, சுற்றியுள்ள திசுவில் அழற்சியையும் தூண்டும். உட்தோலில் அதைப் போடாதிருப்பதே நல்லது.

தைக்கும் முறை கையில் படியச் சில காலம் ஆகும். காயத்தின் ஒரு மூலையிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தொடங்குங்கள். முதல் குத்தை ஆழத்திலிருந்து மேல்நோக்கி ஒரு விளிம்பிலும், அடுத்ததை மேலிருந்து ஆழத்துக்கு எதிர் விளிம்பிலும் எடுத்தால் முடிச்சு ஆழத்தில் போய் விழும். பிறகு ஊசியைத் தோல் மேற்பரப்புக்கு இணையாகப் பிடித்து, உட்தோலுக்குள் மட்டும் சுமார் 5 மில்லிமீட்டர் நீளக் குத்தாக எடுத்து, எதிர் விளிம்பில் நேர் எதிரே அல்லது ஒரு மயிரிழை பின்னோக்கி நுழைய வேண்டும். எல்லாக் குத்தும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஊசி மேல்தோலைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் அந்தக் குத்தைத் திரும்பப் போடுங்கள், வெளியே எட்டிப்பார்க்கும் கண்ணி ஒவ்வொன்றும் கிருமிக்கு வாசல். ஊசி கொழுப்பில் போனால் அதற்குப் பிடிப்பே இருக்காது. உட்தோலைக் கடந்துபோகும் ஊசிக்கு ஒரு தனித்த தடை தெரியும். புதிய பட்டுத்துணியில் ஊசி நுழைவதுபோன்ற அந்த உணர்வை விரல் ஒருமுறை கற்றுக்கொண்டால் பிறகு மறக்காது.

கடைசி முடிச்சில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அங்கே அபர்தீன் முடிச்சைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணியின் வழியே அடுத்த கண்ணியை நான்கைந்து முறை இழுத்து, கடைசியில் நூலின் நுனியையே கண்ணிக்குள் இழுத்து இறுக்குவது அது. சாதாரண முடிச்சைவிடப் பருமன் குறைவு, நூலும் மிச்சமாகும். முடிந்தபின் ஊசியை முடிச்சின் பக்கத்திலேயே ஆழத்துக்குள் விட்டு, ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தோலின் வழியே வெளியே எடுத்து, நூலை இழுத்துப் பிடித்துத் தோலை ஒட்டி நறுக்கினால் முடிச்சு உள்ளே அமிழ்ந்துபோகும். ஆண் நாயின் விதைநீக்க அறுவையில் விதைப்பைக்கு முன்னுள்ள வெட்டுக்கும் இதே முறை நல்லது. அந்தப் பகுதித் தோல் மிக நொய்மையானது, வெளியே நூல் நீட்டிக்கொண்டு இருந்தால் நாய் விடாமல் நக்கும்.

உட்தோல் தையலுக்கு வெளித் தையலைவிட நேரம் அதிகமாகும் என்பதை மறைக்கக் கூடாது. மயக்க நிலையின் நேரம் நீள நீளத் தொற்றின் வாய்ப்பும் கூடுகிறது. எனவே கை பழகும்வரை, மயக்கத்தில் நிலை தடுமாறும் நாயிடம் இதைப் பயிலக் கூடாது. ஈரப்பத வாழைப்பழத் தோலிலோ, கசாப்புக் கடையில் கிடைக்கும் பன்றித் தோலிலோ பயிலலாம். பன்றித் தோலில் உட்தோல் தெளிவாகப் புலப்படுவதால் அதுவே சிறந்தது.

ஸ்டேப்ளர்

வேகத்தில் இதற்கு நிகர் இல்லை. துருப்பிடிக்காத எஃகுப் பின்கள் திசுவில் எதிர்வினையை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. மார்பிலிருந்து இடுப்புவரை நீண்ட காயமோ, மயக்கத்திலிருந்து உடனே எழுப்ப வேண்டிய வயதான நாயோ இருந்தால், விலையைப் பார்க்காமல் இதை எடுக்கலாம். இதற்கு உதவியாளர் ஒருவர் வேண்டும். அவர் இரண்டு இடுக்கிகளால் விளிம்புகளைப் பிடித்து, அவை சற்றே வெளிப்புறமாகத் திரும்பி முத்தமிடுவதுபோல் நிற்கச் செய்ய வேண்டும். மருத்துவர் கருவியின் நடுக்குறியைக் காயக்கோட்டின் மேல் வைத்து, தோலை அழுத்தாமல் தொட்டு மட்டும் அமுக்க வேண்டும். அழுத்தினால் எஃகுப் பின் தோலுக்குள் அமிழும், பின்னுக்கும் தோலுக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளி போய்விடும். தனியாளாகச் செய்யும்போது பெரும்பாலும் விளிம்புகள் உட்புறமாக மடிந்துவிடும். அப்படி மடிந்த இடத்தில் மேல்தோலும் மேல்தோலும் முகம் பார்த்து நிற்பதால் அவை ஒட்டாது.

தோலுக்கு நேர் கீழே எலும்போ பெரிய இரத்தக்குழாயோ அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் அங்கே ஸ்டேப்ளரைத் தவிர்க்க வேண்டும். கீழ்க்கால், மூக்குத் தண்டு ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கவிருக்கும் பகுதியிலும் பின்கள் படத்தைக் கெடுக்கும். இன்னொன்று: பின்னை அகற்றத் தனிக்கருவி தேவை. நாய் தையல் பிரிக்கப் போகும் ஊரில் அந்தக் கருவி இருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யாராவது குறட்டால் பிடுங்குவார்கள், நாய்க்கு அது வேதனை.

திசுப் பசை

சயனோஅக்ரிலேட் வகைப் பசைகள் ஈரம் பட்டதும் இறுகி மேல்தோலின் மீது ஒரு படலமாக நிற்கும். மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியவை பியூட்டைல் வகையும் ஆக்டைல் வகையும். 1998-இல் அமெரிக்காவில் மனிதத் தோலுக்கு ஒப்புதல் பெற்ற ஆக்டைல் வகை வளைந்து கொடுக்கும், பியூட்டைல் இறுகியதும் நொறுங்கும் தன்மை உடையது. கடையில் பொருள் ஒட்ட விற்கும் பசையும் வேதியியலில் இதே குடும்பம்தான் என்பதால் சிலர் அதைக் காயத்தில் விடுகிறார்கள். அதிலுள்ள குறுகிய சங்கிலி மூலக்கூறு விரைவாகச் சிதைந்து திசுவுக்கு நஞ்சாகும் பொருள்களை வெளியிடும், இறுகும்போது சூடும் அதிகம். அதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

பசையைத் தனியாகவே நம்பித் தோலை மூடலாமா? மிகச் சிறிய, இழுவிசையே இல்லாத, உலர்ந்த, நேரான காயத்தில் மட்டும் மூடலாம். கருத்தடைக் காயத்தில் அதன் உண்மையான இடம் உட்தோல் தையலின் மேல் ஒரு மெல்லிய மேற்பூச்சாக இருப்பதுதான். இரத்தக் கசிவு முழுவதும் நின்று, காயம் உலர்ந்த பின், விளிம்புகளை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேலே மட்டும் ஒரு மெல்லிய கோடாக விட வேண்டும். விளிம்புகளுக்கு இடையே பசை இறங்கினால் அது அயற்பொருளாகக் கிடந்து இரு பக்கமும் சேராமல் தடுக்கும், சூடும் திசுவைச் சுடும். அதிகம் ஊற்றினால் அதிகம் பிடிக்கும் என்ற எண்ணம் தவறு. கடிகாயம், சீழ்ப் புண், மூட்டுகளின் மேலுள்ள தோல், கண்ணுக்கு அருகிலுள்ள இடம், ஈரமான உதட்டோரம் ஆகியவற்றில் பசை கூடாது. பசை போட்ட காயத்தின் மேல் களிம்பு தடவினால் படலம் இளகி உரிந்துவிடும் என்பதை நாயைக் கூட்டிச் செல்பவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

மனிதருக்கு ஒட்டும் தோல் ஒட்டுப்பட்டைகள் நாய்க்கு உதவுவதில்லை. மழித்த தோலில் முளைக்கும் முடி அவற்றைத் தள்ளிவிடும்.

எந்தக் காயத்தை மூடக் கூடாது

மற்ற நாய் கடித்து வந்த காயத்தைப் பார்த்ததும் தைக்கத் தோன்றும், வளர்ப்பவரும் அதையே எதிர்பார்ப்பார். பல் போன துளை சிறிதாக இருந்தாலும், பிடித்து உலுக்கியதால் உள்ளே தோல் தசையிலிருந்து விலகி, நசுங்கிய திசுவும் முடியும் மண்ணும் அடைந்திருக்கும். அதன் வாயை மூடினால் உள்ளே சீழ்க்கட்டிதான் வளரும். நிறைய உப்புநீரால் கழுவி, செத்த திசுவை அகற்றி, வடிகுழாய் வைத்தோ திறந்தே விட்டோ மூன்று முதல் ஐந்து நாள் கழித்துக் காயம் சுத்தமாகத் தெரிந்த பின் தைக்க வேண்டும். நம் வெயிலிலும் ஈ மொய்ப்பிலும் திறந்த காயத்தில் புழு வைத்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு விடை நாள்தோறும் கட்டு மாற்றுவது, அவசரத் தையல் அன்று.

பாதத்தின் அடித்திண்டு உடலின் எடையைத் தாங்குவதால் அங்கே சற்றுப் பருமனான நூலும் மெத்தைத் தையலும் கட்டும் தேவை. இமை விளிம்பில் 5-0 அல்லது 6-0 நூலால் எட்டு வடிவத் தையல் போட்டு, முடிச்சு கருவிழியை உரசாதபடி ஒதுக்க வேண்டும்.

உங்கள் மேசையிலேயே ஒப்பிடுங்கள்

எந்த முறை உங்கள் கையில் நன்றாக ஆறுகிறது என்பதை உங்கள் பதிவேடுதான் சொல்ல முடியும். வெட்டின் நீளம், நாயின் எடை, முறை, நூலின் பெயரும் அளவும், தோலை மூடிய நிமிடங்கள், தைத்தவர் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் சிவப்பு, வீக்கம், கசிவு, விளிம்பு விலகல் என்னும் நான்கையும் இல்லை, சிறிது, அதிகம் என்று மூன்று நிலைகளில் குறியுங்கள். நீள்வாக்கில் ஓர் அளவுகோலை வைத்து ஒளிப்படமும் எடுங்கள். ஒப்பிடும்போது கருத்தடைக் காயத்தைக் கருத்தடைக் காயத்தோடும், ஒருவர் தைத்ததை அவரே தைத்ததோடும் ஒப்பிட வேண்டும். எளிய நாய்களுக்கு ஒரு முறையையும் சிக்கலான நாய்களுக்கு இன்னொரு முறையையும் போட்டுவிட்டு முதல் முறையே சிறந்தது என்று முடிவுகட்டும் பிழையைத் தவிர்க்க, எந்த நாய்க்கு எந்த முறை என்பதை வெட்டும் முன்பே சீட்டெடுத்துத் தீர்மானிக்கலாம். வீட்டில் கட்டிவைத்து வளர்க்கும் நாய்களிடம் மட்டும் இப்படிச் செய்யுங்கள். தெருநாய்க்குச் சீட்டு தேவையில்லை, அதற்கு வெளித் தையல் கூடாது என்பது ஏற்கெனவே முடிவானது.

வீட்டுக்கு அனுப்பும்போதும் பிரிக்கும்போதும்

கூம்பு வளையத்தைப் பத்து முதல் பதினான்கு நாள்வரை இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். நாய் பாவமாகப் பார்க்கிறது என்று அரை மணி நேரம் கழற்றிவைப்பவர்கள்தாம் பிரிந்த காயத்தோடு வருகிறார்கள். குளிப்பாட்டக் கூடாது, மாடிப்படி ஏறவோ கட்டிலில் தாவவோ விடக் கூடாது. வலிக்கு மருத்துவர் எழுதியதை மட்டும் தர வேண்டும். வீட்டிலிருக்கும் இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

காயத்துக்கு அடியில் மெத்தென்று, வலியில்லாத, சூடில்லாத வீக்கம் தெரிந்தால் அது பெரும்பாலும் செரோமா என்னும் நீர்த்தேக்கம். ஊசியால் உறிஞ்சாமல் விட்டாலே நாளடைவில் வற்றும், உறிஞ்சினால் கிருமியை உள்ளே விடுகிறோம். ஆனால் அழுத்தும்போது உள்ளே போய்த் திரும்ப வரும் வீக்கம் லீனியா ஆல்பா பிரிந்ததன் அடையாளம். அதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது, அன்றே நாயை வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

பிரிக்கும் நாளில், முதலில் காயத்தின் இரு பக்கத்தையும் விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். கோடு விரிந்தால் இன்னும் சில நாள் விடுங்கள், அல்லது ஒன்றுவிட்டு ஒன்றை மட்டும் எடுங்கள். ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் நாய்க்கும் உடலே கார்டிசால் ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயுள்ள நாய்க்கும் ஆறுதல் தாமதமாகும் என்பதால் பதினான்கு நாளுக்கு முன் தொடவே வேண்டாம். முடிச்சைத் தூக்கி, அதன் கீழே ஒரு பக்கத்தில் மட்டும் தோலை ஒட்டி நறுக்கி, காயத்தை நோக்கியே இழுத்தெடுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் புதிதாகச் சேர்ந்த விளிம்பு பிரியும். நறுக்கிய நூல்களையும் போட்ட தையல்களின் எண்ணிக்கையையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பதிவேட்டின் பத்தாம் நாள் கட்டத்தை நிரப்புங்கள்.